‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்று எழுதுவதற்கு முன்

பாசிர் கூடாங் ஆலைகளிலும், காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் கைக்கு ஆண்டு முடியும் நேரத்தில் மதிப்பீட்டுத் தாள் வந்து சேரும். கட்டங்களில் மதிப்பெண் போட்டிருக்கும். அதற்குக் கீழே மேலாளர் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார். சம்பள உயர்வு பேசப்படும்போது பல இடங்களில் எடுத்துப் படிக்கப்படுவது அந்த இரண்டு வரிதான். அதில் அடிக்கடி தென்படும் சொல் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’.

படித்தவர் அதை ‘ஒழுங்கு இல்லாதவன்’ என்று எடுத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து அப்படியே சொல்கிறார். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பம் என்றால், அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மேலாளர் எழுதியதோ, ‘இவருடைய கோப்புகள் தேடினால் கிடைப்பதில்லை’ என்ற அளவிலான ஒரு குறை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லைன் லீடராகவும் சூப்பர்வைசராகவும் உயர்ந்த நம்மவர்கள், தமக்குக் கீழே வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளியைப் பற்றியோ நேப்பாளத் தொழிலாளியைப் பற்றியோ அறிக்கை எழுதும்போது இதே சொல்லை யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆளின் பர்மிட் புதுப்பிக்கப்படுமா என்ற கேள்வி வரும் நாளில் அந்தச் சொல் கோப்பிலிருந்து வெளியே வரும்.

எழுதப்படுபவருக்கும் எழுதுபவருக்கும் சேர்த்தே இந்த அத்தியாயம். நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றைத்தான். இந்தச் சொல்லை வேலையின்மேல் வையுங்கள், ஆளின்மேல் வைக்காதீர்கள்.

அமைப்பைப் பற்றிய சொல்

கிரேக்க மொழியில் ‘ஆர்கனான்’ என்றால் கருவி. உடலின் உறுப்பை ஆங்கிலம் ‘ஆர்கன்’ என்று சொல்வது அந்த வேரிலிருந்துதான். ‘ஆர்கனைஸ்’ என்றால் உறுப்புகள் சேர்ந்து இயங்குமாறு அமைப்பது. முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தால், அப்படி அமைந்திருந்ததைக் குலைப்பது. இந்த வினைச்சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது 1790களில். பிரெஞ்சுப் புரட்சியில் அரசும் படையும் நிருவாகமும் குலைந்துபோனதைப் பற்றி எழுத ஆங்கிலேயர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஒரு நிருவாகத்தின் நிலையைச் சொல்லத்தான் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒருவருடைய குணத்தைச் சொல்ல வந்த சொல் அன்று.

தமிழில் நமக்குச் சிக்கல் வருவது இங்கேதான். ‘ஒழுங்கு’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘ஒழுக்கம்’ நிற்கிறது. ‘ஒழுங்கீனம்’ என்றால் பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிட்டு விசாரிக்கும் குற்றம். ‘ஒழுங்கில்லாதவன்’ என்றால் அந்த வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஆங்கிலச் சொல்லில் இந்தப் பாரம் கிடையாது. நேர்மையான, குடிக்காத, நேரத்துக்கு வரும், உயிரைக் கொடுத்து உழைக்கும் ஒருவர் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ ஆக இருக்கலாம். அவருடைய தாள்கள் இடம் மாறிக் கிடக்கும், எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நான்கையும் சேர்த்துத் தொடங்கியிருப்பார், அவ்வளவுதான். ஆகவே பெற்றோருக்கோ தொழிலாளிக்கோ இதைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது ‘வேலையைத் திட்டமிட்டுச் செய்வதில் குறை’ என்று சொல்லுங்கள். ‘ஒழுங்கு’ என்ற சொல்லைத் தொடவே வேண்டாம்.

உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக. அழுத்தம் ‘ஓர்’ என்ற இடத்தில் விழ வேண்டும்: டிஸ்-ஓர்-கனைஸ்ட். ‘டிஸ்’ஸை அழுத்திச் சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. எழுத்தில், நம் பள்ளிகள் கற்பிப்பது பிரிட்டிஷ் முறை, அதாவது ‘எஸ்’. அமெரிக்கர்கள் ‘இசட்’ போடுவார்கள். கணினியில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று வைக்கப்பட்டிருந்தால் நீங்கள் சரியாக எழுதியதற்கும் சிவப்புக் கோடு விழும். அதைக் கண்டு பதற வேண்டாம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இலக்கணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ‘ஸ்டோர் அலங்கோலம்’ என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முடிந்துவிட்டது. மலாயிலும் ‘ஸ்தோர் பெர்செப்பா’ என்றால் முடிந்துவிட்டது. நம்முடைய இரண்டு மொழிகளிலும் நடுவில் ஓர் ‘இஸ்’ தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் ‘தி ஸ்டோர் டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதினால் ஸ்டோரே எதையோ கலைத்துப் போட்டது என்பதுபோல் ஆங்கிலக்காரர் படிப்பார். ‘தி ஸ்டோர் இஸ் டிஸ்ஆர்கனைஸ்ட்’. நேற்றைய நிலை என்றால் ‘வாஸ்’.

‘அன்’ வேறு, ‘டிஸ்’ வேறு

‘அன்ஆர்கனைஸ்ட்’ என்று ஒரு சொல் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். ‘டிஸ்’ வந்தால் இருக்க வேண்டிய அமைப்பு குலைந்திருக்கிறது, குறை சொல்கிறோம். ‘அன்’ வந்தால் அமைப்பு என்று ஒன்று இன்னும் ஏற்படவில்லை, அவ்வளவே. கிள்ளான் துறைமுகத்திலிருந்து இன்று காலை வந்து இறங்கிய பெட்டிகள் ‘அன்ஆர்கனைஸ்ட்’. ஒரு மாதம் கழித்தும் அப்படியே கிடந்தால் ஸ்டோர் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’.

தொழிலாளர் உலகில் இந்த வேறுபாட்டுக்குத் தனிக் கனம் இருக்கிறது. அங்கே ‘ஆர்கனைஸ்ட்’ என்றால் சங்கமாகத் திரண்டவர்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் அதை வழிநடத்தியபோது, அதில் சேர்ந்து ஜொகூர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் ‘ஆர்கனைஸ்ட்’ தொழிலாளர்களாக இருந்தார்கள். லயத்து அறையில் சாமான் எப்படி இருந்தது என்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டில் கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை, பீடி சுற்றும் வேலை செய்பவர்களை ‘அமைப்புசாராத் தொழிலாளர்’ என்கிறார்கள். அவர்களுக்காக மாநிலத்தில் 1982இல் ஒரு சட்டமும், இந்திய அளவில் 2008இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் வந்தன. இந்தியச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘அன்ஆர்கனைஸ்ட்’ இருக்கிறது. அவர்களை ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்று எழுதினால், நாள் முழுக்கச் செங்கல் சுமக்கும் பெண்ணைப் பொறுப்பில்லாதவர் என்று சொன்னதாக ஆகிவிடும். தொழிற்சங்க அறிக்கைகளை ஆங்கிலமாக்கும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

பக்கத்துச் சொற்கள்

எல்லாக் கலைசலுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. எது கலைந்திருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் அலங்கோலத்துக்கு ‘மெஸ்ஸி’. மேசை, அறை, கையெழுத்து, சாப்பிட்ட இடம். நம் ஊர்களில் சாப்பாட்டுக் கடைப் பெயராக வரும் ‘மெஸ்’ஸும் இதே சொல்தான். முதலில் ஒரு வேளைக்குப் பரிமாறும் உணவைக் குறித்தது, பிறகு கலந்து போட்ட தீவனத்தை, அதற்குப் பிறகு கலைந்து கிடக்கும் எதையும். மெஸ்ஸியான மேசைக்காரர் எல்லாம் டிஸ்ஆர்கனைஸ்ட் என்று முடிவு கட்டக்கூடாது. குவிந்து கிடக்கும் தாள்களுக்கு நடுவிலிருந்து கேட்டதைக் கேட்ட கணத்தில் உருவிக் கொடுக்கும் பழைய கிராணிகளைத் தோட்ட ஆபீஸ்களில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதேபோல் துடைத்து வைத்த மேசைக்காரரிடம் ஒரு கோப்பு கேட்டால் மூன்று நாள் ஆகலாம்.

செய்யும் முறையில் திட்டம் இல்லாவிட்டால் ‘ஹாப்ஹசர்ட்’. நம்முடைய ‘தாறுமாறு’ இதற்கு மிக அருகில் வரும். இதை ஆளுக்குச் சொல்வது வழக்கமில்லை. பதிவு செய்த விதம், அடுக்கிய விதம், ஆள் எடுத்த விதம் ஆகியவற்றுக்குத்தான் சொல்வார்கள். எழுத்தில் ‘பி’யும் ‘எச்’சும் பக்கத்தில் வருவதால் பலர் ‘ஹாஃபசர்ட்’ என்று படிக்கிறார்கள். அது ‘ஹாப்’ என்றும் ‘ஹசர்ட்’ என்றும் இரண்டு சொல் ஒட்டியது. ‘ஹாப்’ என்றால் அந்தக் கால ஆங்கிலத்தில் அதிர்ஷ்டம். ‘ஹாப்பி’, ‘பெர்ஹாப்ஸ்’ எல்லாம் அதன் பிள்ளைகள். அதிர்ஷ்டத்துக்கு விட்ட வேலை என்பதே உட்பொருள். ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்று எழுதக் கை போகும் பல இடங்களில் இந்தச் சொல்தான் பொருத்தமாகவும் நியாயமாகவும் இருக்கும். ஆளை விட்டுவிட்டு முறையைப் பிடிப்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

‘கேயாட்டிக்’ என்பது அடுத்தது. ‘சி-எச்’ என்று தொடங்கினாலும் ‘க’ என்றே உச்சரிக்க வேண்டும். பல பேர், பல பொருள், பல சத்தம் ஒரே நேரத்தில் மோதி, யார் கையிலும் கட்டுப்பாடு இல்லாத நிலை இது. ஜொகூர்க்காரர்களுக்கு 2020 மார்ச் 17ஆம் தேதி இரவைச் சொன்னால் போதும். நடமாட்டக் கட்டுப்பாடு மறுநாள் தொடங்கப்போகிறது என்று அதற்கு முந்தின இரவுதான் அறிவித்தார்கள். சிங்கப்பூரில் வேலை உள்ளவர்கள் மூட்டை முடிச்சோடும் மோட்டார் சைக்கிள்களோடும் நள்ளிரவுக்குள் காஸ்வேயைக் கடக்கப் பாய்ந்தார்கள். 1924இல் முறைப்படித் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள அந்தப் பாதை அன்று நிரம்பி வழிந்தது. போனவர்களில் பலர் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை முழுமையாகத் திறந்த பிறகுதான் தடையில்லாமல் வீடு வந்து போக முடிந்தது. அந்த இரவு ‘கேயாட்டிக்’. அந்த மக்கள் டிஸ்ஆர்கனைஸ்ட் அல்லர். பிள்ளையின் பால் மாவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குள் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர்கள் அவர்கள். ஏற்பாடு போதவில்லை என்று குறை சொல்ல வேண்டுமானால் ஏற்பாட்டைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் மிகவும் முக்கியம்.

பிரிட்டிஷ்காரர்கள் ‘ஷாம்பாலிக்’ என்று ஒன்று சொல்வார்கள். ‘ஷாம்பிள்ஸ்’ என்பது அந்தக் காலத்தில் இறைச்சிக் கடைப் பலகை. பிறகு அறுக்கும் இடம், பிறகு ரத்தக்களரி, பிறகு பெருங்குழப்பம். யார்க் நகரத்தில் அந்தப் பெயரில் இன்னும் ஒரு தெரு இருக்கிறது. நம்முடைய ‘களேபரம்’ என்ற சொல்லுக்கும் உடல், எலும்பு, பிணம் என்ற பழைய பொருள்கள் அகராதியில் உண்டு. ‘ஷாம்பாலிக்’ பேச்சுவழக்கு, கடுமையும் கூடுதல். பத்திரிகையில் படித்தால் புரிந்துகொள்ளுங்கள். அலுவலகக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

நம் ஊர் ஆங்கிலம்

ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு பட்டறைக்குள் போய் நின்றால் தமிழ், மலாய், ஹொக்கியென், ஆங்கிலம் நான்கும் ஒரே வாக்கியத்தில் ஓடும். அந்தப் பேச்சு நம்முடையது, அதை விட வேண்டிய அவசியமில்லை. தாளில் எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

‘என்னடா இப்படிச் சிஞ்சாய் வேலை பண்ணி வச்சிருக்க?’ என்று சூப்பர்வைசர் அண்ணன் கேட்டால், அந்தச் ‘சிஞ்சாய்’ ஆங்கிலத்தில் ‘ஹாப்ஹசர்ட்’. அக்கறையின்மையும் அவசரமும் சேர்ந்திருந்தால் ‘ஸ்லாப்டாஷ்’. ‘டோன்ட் எனிஹவ் புட்’ என்று சிங்கப்பூர் ஃபோர்மன் கத்துவார். கேட்பவருக்குப் பொருள் தெளிவு. ஆனால் அந்த ‘எனிஹவ்’வை அறிக்கையில் எழுதி இலண்டனில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் அவர்களுக்கு ‘எப்படியிருந்தாலும்’ என்றுதான் படும். ‘புட் ஹாப்ஹசர்ட்லி’ என்று எழுதலாம். இன்னும் எளிமையாக, ‘குறித்த இடத்தில் வைக்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம்.

மலாயில் ‘பெர்செப்பா’, ‘பெர்செலெராக்’ என்பவை சாமான் சிதறிக் கிடப்பதைச் சொல்பவை. ‘மெஸ்ஸி’ சரியாகும். ‘கெலாம் காபுட்’ என்பது பதற்றமும் பரபரப்பும் கலந்தது, அதற்குக் ‘கேயாட்டிக்’. ‘தீடாக் தெராத்தூர்’, ‘தீடாக் தெர்சுசுன்’ என்பவைதான் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’டுக்கு நேர். அரசாங்க அலுவலகத்துக்கு மலாயிலும் நிறுவனத்துக்கு ஆங்கிலத்திலும் ஒரே புகாரை எழுத வேண்டிய குடியிருப்புச் சங்கச் செயலாளர்களுக்கு இந்த இணைகள் உதவும்.

‘பிளர்’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘அவன் கொஞ்சம் பிளர்’ என்றால் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் எல்லாருக்கும் புரியும். சொன்னது மண்டையில் ஏறாமல் விழிப்பவர் என்று பொருள். மலேசியா, சிங்கப்பூருக்கு வெளியே இந்தப் பொருளில் சொன்னால் பெரும்பாலும் புரியாது. அது டிஸ்ஆர்கனைஸ்ட்டும் இல்லை. புதிதாக வந்தவருக்கு வேலை இன்னும் புரியவில்லை என்றால், சொல்லிக் கொடுத்தவரிடமும் குறை இருக்கலாம். எழுத்தில் ‘பிளர்’ எழுதவே எழுதாதீர்கள்.

அறிக்கை எழுதும்போது

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘ஹீ இஸ் டிஸ்ஆர்கனைஸ்ட்’. மூன்று சொல்லில் ஓர் ஆளை முடித்துவிடலாம். படிக்கும் மனிதவள அதிகாரிக்கு இதிலிருந்து என்ன தெரியும்? எந்த நாள், எந்தப் பொருள், என்ன நஷ்டம் என்று எதுவும் தெரியாது. எழுதியவரின் எரிச்சல் மட்டும் தெரியும்.

‘தி டூல் கேபினட் வாஸ் டிஸ்ஆர்கனைஸ்ட் ஆன் 3 மார்ச்’ என்று எழுதிப் பாருங்கள். குறை அலமாரிக்குப் போய்விட்டது, தேதி வந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் எந்தக் கருவி குறித்த இடத்தில் இல்லை, அதைத் தேட எவ்வளவு நேரம் போனது, அந்த ஷிப்டில் அலமாரிக்குப் பொறுப்பு யார் என்று எழுதுங்கள். இப்போது அதிகாரிக்கு நடவடிக்கை எடுக்க ஒரு பிடி கிடைக்கிறது, தொழிலாளிக்குத் திருத்திக்கொள்ள ஒரு வழி கிடைக்கிறது. பல சமயம் இப்படி விவரமாக எழுதத் தொடங்கியவுடன் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்ற சொல்லே தேவைப்படாமல் போய்விடும். அதை எடுத்துவிடத் தயங்காதீர்கள்.

தேதியை எண்ணில் எழுதுங்கள் என்பதற்கு ஜொகூரில் தனிக் காரணமும் இருந்தது. 2014 தொடக்கம் முதல் 2024 முடியும் வரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். காஸ்வேக்கு அந்தப் பக்கம் சனியும் ஞாயிறும். 2025 ஜனவரி 1 முதல்தான் ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளின் பழைய கோப்பில் ‘லாஸ்ட் வீக்எண்ட்’ என்று எழுதியிருந்தால் அது எந்த நாள் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சொற்களுக்கு அலைய வேண்டாம், சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஜப்பானிய ஆலைகளிலிருந்து வந்த ஐந்து ‘எஸ்’ முறையை மலேசிய உற்பத்தித்திறன் கழகம் நாடெங்கும் பரப்பியது. மலாயில் ‘சிசிஹ், சுசுன், சாப்பு, செராகாம், செந்தியாசா அமால்’. வேண்டாததைப் பிரி, இருப்பதை அடுக்கு, பெருக்கு, ஒரே சீராக வை, விடாமல் பழகு. இந்த ஐந்தில் எது நடக்கவில்லையோ அதைப் பெயர் சொல்லி எழுதினால் தணிக்கைக்கு வருபவருக்கும் விளங்கும். ‘சுசுன் செய்யப்படவில்லை’ என்பது யாரையும் புண்படுத்தாத, ஆனால் தப்பிக்கவும் இடம் கொடுக்காத வாக்கியம்.

குறையை மென்மையாகச் சொல்ல வேண்டிய இடங்களில் ஆங்கிலக்காரர்கள் எதிர்ச்சொல்லைச் சொல்லி முன்னால் ‘நாட் வெரி’ போடுவார்கள். ‘தி மீட்டிங் வாஸ் நாட் வெரி வெல் ஆர்கனைஸ்ட்’. பொருள் அதேதான், ஆனால் சூடு குறைவு. கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று மனமுவந்து உழைத்தவர்களிடம் குறை சொல்லும்போது இந்த வடிவத்தையே கையாளுங்கள். சம்பளம் வாங்காமல் உழைத்தவர்களுக்கு அந்த மரியாதை உரியது.

வேலை நேர்காணலில் ‘உங்களுடைய பலவீனம் என்ன?’ என்று கேட்பார்கள். அடக்கமாக இருக்க வேண்டும் என்று எண்ணி ‘ஐ ஆம் டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்று சொல்லும் இளைஞர்கள் உண்டு. வேண்டாம் தம்பி. ஆங்கிலம் பேசும் அலுவலகத்தில் இந்தக் குறையைச் சொன்னால் ஆள் எடுக்கத் தயங்குவார்கள். பல வேலைகள் சேர்ந்து வரும்போது முன்பு திணறியதையும், இப்போது காலையில் பட்டியல் எழுதிவிட்டுத் தொடங்குவதையும் சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். பட்டியலைக் காட்டச் சொல்வார்கள்.

மருத்துவரின் கடிதத்தில்

இந்தச் சொல் வேறு பொருளில் வரும் ஓர் இடம் உண்டு. தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனையிலோ வேறு மனநலப் பிரிவிலோ தரும் கடிதத்தில் ‘டிஸ்ஆர்கனைஸ்ட் திங்கிங்’, ‘டிஸ்ஆர்கனைஸ்ட் ஸ்பீச்’ என்று எழுதியிருக்கலாம். இது மருத்துவச் சொல். நோயாளியின் எண்ணமும் பேச்சும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர்பில்லாமல் தாவுகின்றன என்று மருத்துவர் குறித்திருக்கிறார். சோம்பல், அலட்சியம், வளர்ப்புக் கோளாறு என்று எதுவும் அதில் இல்லை. காய்ச்சலைக் காய்ச்சல் என்று எழுதுவதுபோல் எழுதியது. வீட்டில் இதை மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு வருகிறது. ‘நினைப்பு கோவையா ஓடலையாம், அதுக்கு மருந்து கொடுத்திருக்காங்க’ என்று பாட்டியிடம் சொல்லுங்கள். ஒழுங்கு என்ற பேச்சையே இங்கும் எடுக்க வேண்டாம்.

காரணம் கோரும் கடிதம் வந்தால்

‘சூராட் துஞ்சுக் செபாப்’ என்று மலாயிலும் ‘ஷோ காஸ் லெட்டர்’ என்று ஆங்கிலத்திலும் சொல்லும் கடிதம் கைக்கு வரும்போது நம்மவர்கள் பலர் பயந்துபோய், கையெழுத்துப் போட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘யுவர் வொர்க் இஸ் டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்று மட்டும் அதில் இருந்தால், அதற்கு மன்னிப்புக் கடிதம் பதில் ஆகாது. எந்தத் தேதியில், எந்த வேலையில், என்ன குறை என்று விவரம் கேட்டு மரியாதையான ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். கொடுத்ததற்கு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு அடிப்படை இருக்கிறது. வேலைத்திறன் போதவில்லை என்று ஒருவரை நீக்கும் முதலாளி, அவருக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்ததையும், திருந்த வாய்ப்புக் கொடுத்ததையும், அதற்குப் பிறகும் அவர் திருந்தவில்லை என்பதையும் காட்ட வேண்டும் என்பது மலேசியத் தொழில் நீதிமன்றம் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவுகோல். பொத்தாம் பொதுவான ஒரு பெயரடையை வைத்து இந்த மூன்றையும் காட்ட முடியாது. நீங்கள் விவரம் கேட்டு எழுதிய கடிதமும், அதற்கு விவரம் வராமல் போனதும், பிறகு உங்களுக்குத் துணை நிற்கும். நடத்தைக் குற்றம் என்று சொல்லி நீக்குவதானால், வேலைச் சட்டம் 1955இன் 14ஆம் பிரிவின்படி முறையான விசாரணை நடந்திருக்க வேண்டும். ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’ என்பதை நடத்தைக் குற்றமாக மாற்ற யாராவது முயன்றால், அது வேலைத்திறன் பற்றிய குறை என்பதை உங்கள் பதிலிலேயே எழுதிவையுங்கள்.

நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைத்தால், தொழிலுறவுச் சட்டம் 1967இன் 20ஆம் பிரிவின்படி நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலுறவுத் துறையில் எழுத்துவழி முறையிட வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த 60 நாள் கிடையாது. அங்கே கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். காஸ்வேயின் இரு பக்கமும் வேலை பார்த்துப் பழகியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஆகவே கடிதம் கைக்கு வந்த அன்றே, அது எந்த நாட்டு வேலை, கடைசி நாள் எது என்பதை அதன் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.